இரண்டாவது பெட்டி

அத்தியாயம் 14

போன வாரம் திரையில் கதாநாயகன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றானே, அங்கே விட்டோம். மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. இடி இடித்தது. பின்னணியில் வயலின் தேம்பித் தேம்பி அழுதது. ஆனால் அவன் காதலியிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பால்கனியில் இருந்த நாலு பேர் அவனுக்குப் பதிலாகத் தாங்களே வசனம் பேச, உருக வேண்டிய காட்சியில் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. ஆபரேட்டர் ரூமில் இருக்கும் சவுண்ட் ப்ராசஸரில். படத்தோடு வரும் ஒலியைப் பிரித்து, வசனத்தைத் திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கருக்கும், மற்றதை இடம் வலம் சுற்றுச்சுவர் என்றும் பங்கு போட்டு அனுப்புகிற பெட்டி அது. அதில் வசனத்துக்கு உரிய கார்டு கருகிவிட்டது. அந்தக் கார்டை இப்போது யாரும் செய்வதில்லை. புதுப் பெட்டி வாங்கியே தீர வேண்டும். எந்தப் பெட்டி என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை முற்றி, அப்பா குறுக்கே வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பெட்டியும் வரட்டும். நான் கேக்கறேன். எது நல்லா இருக்கோ, அதைக் கொண்டு வந்தவங்க கையில ஆபரேட்டர் ரூம் சாவி. இன்னொருத்தர் கேன்டீனைப் பாத்துக்கட்டும்."

கேன்டீன்! அந்தச் சொல்லை நினைத்தாலே அக்காவுக்குக் குமட்டியது. இந்த ரூமைத் தவிர வேறு எதையும் அவள் கட்டிக்கொண்டதில்லை. புரொஜக்டர் விளக்கு மங்குவது அவளுக்கு வாசனையிலேயே தெரியும். அவளைப் போய்ப் பாப்கார்னுக்கு உப்புப் போடச் சொல்வதா?

தியேட்டரில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த டிக்கெட் கவுன்ட்டர்காரருக்கும்கூட. அக்காவுக்குக் கோபம் வருவது அபூர்வம். கோபப்பட எதிராளிக்குக் கொஞ்சமாவது தகுதி வேண்டாமா? இளக்காரம்தான் அவளுக்கு எப்போதும் கைவசம். தம்பிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் விளம்பரம்.

இன்று காலைக் காட்சி கிடையாது. பெட்டிகளைக் கேட்டுப் பார்க்கவென்றே அடைத்துப் போட்டிருந்தார்கள். அக்கா மாடிப்படி ஏறி வந்தபோது விளம்பரம் ஏற்கெனவே ரூமில் இருந்தான். கையில் செல்போன். முகத்தில் லாட்டரி அடித்தவன் களை.

ரேக்கில் பழைய பெட்டியைக் கழற்றிய இடத்தில் புதுப் பெட்டிகள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. மேலே இருந்தது தம்பியுடையது. முகம் முழுக்கக் கண்ணாடித் திரை, அதில் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள் ஏறி இறங்கின. கீழே இருந்தது அக்காவுடையது. கறுப்புத் தகரம், நடுவில் ஒரு பெரிய திருகு, இரண்டு விளக்கு. அவ்வளவுதான்.

"அக்கா, இங்க பாரேன். இந்தப் பெட்டியைத் தொட்டாப் போதும். தொடக்கூட வேணாம். வீட்ல படுத்துக்கிட்டே போன்ல சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்."

"வீட்ல படுத்துக்கிட்டு இருக்கறவனுக்கு ஹால்ல சத்தம் எவ்வளவு இருக்குன்னு எப்படிடா தெரியும்?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "அதுக்கும் ஏதாவது ஆப் இருக்கும்."

"இருக்கும் இருக்கும். உனக்குப் பதிலா மூச்சு விடறதுக்கும் ஒண்ணு இருக்கும், எறக்கி வச்சுக்கோ."

"கூரையில இருந்தெல்லாம் சத்தம் வரும் அக்கா. மழைன்னா நம்ம தலை மேல பெய்யும்."

"நம்ம கூரையில ஏதுடா ஸ்பீக்கர்? ஃபேன்தான் சுத்துது."

"பின்னாடி மாட்டிக்கலாம்ல."

"குதிரை வாங்கறதுக்கு முன்னாடி லாடம் வாங்கறான்" என்றாள் அக்கா, சர்வீஸ்காரரைப் பார்த்து. ரேக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கேபிள் மாட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் யார் பக்கமும் சேராமல் ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டார். புத்திசாலி.

"என் பெட்டியில ரெண்டு பவர் சப்ளை இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். படம் நிக்காது. அதுக்கு மேல ஒரு தியேட்டருக்கு என்னடா வேணும்?"

"பாத்தா இரும்புப் பெட்டி மாதிரி இருக்கே அக்கா."

"இதை யாருடா பாக்கப் போறா? இருட்டு ரூம்ல இருக்கற பெட்டிக்கு முகப் பவுடர் எதுக்கு? உங்கிட்டப் பேசறது செவிடன் காதுல சங்கு ஊதற மாதிரி."

அப்போதுதான் மூச்சு வாங்க ஏறி வந்திருந்த அப்பா வாசலில் நின்று சிரித்தார். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். அக்காவுக்கு அது உற்சாகமாக இருந்தது.

தம்பி அசடு இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவு வைக்கச் சொல்லியிருந்த இடத்தில், தன் பெட்டியில் மட்டும் சத்தத்தை அரை முள் கூட்டி வைத்திருந்தான். அக்கா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அடப்பாவி! சத்தம் கொஞ்சம் கூட இருந்தா எதுவுமே நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும். டிவி விக்கிற கடைக்காரன் பண்ற வேலையை எங்கிட்டயே பண்றியா? அண்ணே, மைக்கை எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் அளந்து, மயிரிழை வித்தியாசம் இல்லாம வைங்க."

சர்வீஸ்காரர் ஹாலுக்குள் மைக்கை ஸ்டாண்டில் நட்டு, இரண்டு பெட்டிகளையும் அளந்து சமன் செய்தார். வசனத்தின் அளவு, சுற்றுச்சுவர் ஸ்பீக்கரின் அளவு, அடித்தொண்டைச் சத்தத்தின் அளவு எல்லாம் ஒன்றுபோல ஆகும்வரை அக்கா அவரை விடவில்லை.

"இனிமே பெட்டியோட யோக்கியதை மட்டும்தான் மிச்சம்" என்றாள். "என் பெட்டியை நான் தூக்கத்துல கேட்டாக்கூடக் கண்டுபிடிப்பேன். இன்னொண்ணு, விளம்பரத்தோடது முதல்ல ஓடட்டும். என்னோடது ரெண்டாவது. நல்லதைக் கடைசியாத்தான் கேக்கணும்."

"எதுவா இருந்தா என்ன" என்றான் தம்பி.

*

ஹாலுக்குள் இறங்கினார்கள். அப்பா வழக்கமான இடத்துக்குப் போனார். கடைசியிலிருந்து ஆறாவது வரிசை, நட்ட நடு. அம்மாவும் வழக்கம்போல அவர் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். மடியில் பாப்கார்ன் பொட்டலம், தோளில் துணிப்பை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருடைய எண்ணமும். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு அப்பாவோடு வருவாள், பாப்கார்ன் கொறிப்பாள், பாதியில் கண்ணை மூடுவாள். விளக்குப் போட்டதும் எழுந்து போவாள். படம் எப்படி என்றால், "ஓடுச்சு" என்பாள்.

"அம்மா, நீ வெளிய பெஞ்சுல உக்காரு" என்றாள் அக்கா.

"ஏன்?"

"நீ நொறுக்கு நொறுக்குன்னு கொறிச்சா அப்பாவுக்கு என்ன கேக்கும்? இது வேலை. வேடிக்கை இல்ல."

"கொறிக்காம உக்காந்திருக்கேன்."

"உக்காந்து என்ன பண்ணப் போற? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! எழுந்திரும்மா."

"அவ இருக்கட்டுமே" என்றார் அப்பா.

"வேணாம்பா. அப்புறம் விளம்பரம் தோத்துட்டா, அம்மா பொட்டலத்தைப் பிரிச்சாங்க, அதனாலதான்னு சொல்லுவான். நீங்க மட்டும் இருங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து பொட்டலத்தின் வாயை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கதவு ஆடி நிற்கும்வரை அப்பா அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பெட்டியைத் திறந்து மூடினாலும் அந்தத் தியேட்டரில் முதல் வேலை கை காட்டுவது. சர்வீஸ்காரர் மேலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓர் இரைச்சலை அனுப்புவார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி உஸ்ஸென்று கேட்கும். இடது, நடு, வலது, வலச்சுவர், பின்சுவர், இடச்சுவர். எதிலிருந்து வருகிறதோ அதை நோக்கி அப்பா விரலை நீட்டுவார். ஒருமுறை பின்சுவரில் ஒரு ஸ்பீக்கர் உள்ளே கிழிந்திருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் விரல்தான் அங்கே கருவி. மைக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தம்பி மேலே போய் டார்ச் பிடித்தான். அக்கா அப்பாவுக்கு நாலு வரிசை பின்னே தள்ளி, சுவரோரம் நின்றுகொண்டாள். தம்பியின் பெட்டி ஆரம்பித்தது.

இடப்பக்கம் உஸ்ஸென்றது. அப்பாவின் விரல் இடப்பக்கம் போனது. அடுத்து வலப்பக்கம் உஸ்ஸென்றது. அப்பாவின் விரல் நடுவில் நின்றது.

அக்கா துள்ளிக் குதிக்காத குறை. "நிறுத்துங்க! நிறுத்துங்க! டேய் விளம்பரம், உன் பெட்டி நடுவுல வர வேண்டியதை வலப்பக்கம் தள்ளுதுடா! ஊர்ப்பட்ட வித்தை தெரிஞ்ச பெட்டிக்கு நடு எது, ஓரம் எதுன்னு தெரியல!"

மேலே ஜன்னல் வழியாகச் சர்வீஸ்காரர் தலையை நீட்டினார். "மேடம், இந்தப் பெட்டி தானா போற வரிசை வேற. இடதுக்கு அப்புறம் வலதுதான் போட்டுச்சு."

"அப்பா நடுன்னு காட்டறார்."

இதற்கு அப்பீலே கிடையாது. சர்வீஸ்காரர் தன் திரையில் 'வலது' என்று எரிவதைப் பார்த்தார். அக்கா தன் இரண்டு காதாலும் வலப்பக்கம்தான் கேட்டாள். தம்பியும் கேட்டான். ஆனாலும் மூன்று பேரும் அந்த விரலைத்தான் நம்பினார்கள். பெட்டிக்குப் பின்னால் மாட்டிய அத்தனை கேபிளையும் பிடுங்கித் துடைத்து, மறுபடி மாட்டினார்கள். தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது.

"தானா ஓட வேணாம். நான் கையாலயே பழைய வரிசையில போடறேன்" என்றார் சர்வீஸ்காரர்.

இடது, நடு, வலது, வலச்சுவர், பின்சுவர், இடச்சுவர். அப்பாவின் விரல் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"பாத்தியா? எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்" என்றாள் அக்கா. "அப்பா காதுன்னா காது!"

அப்பா திரும்பிக் கதவைப் பார்த்தார். இது இரண்டாவது தடவை.

பிறகு அக்காவின் பெட்டி. அவளே பெருமையாக, "ம், போடுங்க" என்று கை அசைத்தாள்.

இடது. விரல் போனது. நடு. விரல் போனது. அந்த இடத்தில் மேலே தம்பி கேபிளில் இடறி, டார்ச் கீழே விழுந்து உருண்டது. "ஒரு நிமிஷம்" என்று சர்வீஸ்காரர் இரைச்சலை அடியோடு நிறுத்திவிட்டார். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

அப்பாவின் விரல் வலப்பக்கம் போனது.

கொஞ்சம் நின்றது. வலச்சுவருக்குப் போனது. அங்கேயும் கணக்காக நின்றது. தோளுக்கு மேலாகப் பின்சுவருக்குப் போய், பிறகு இடச்சுவரைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கியது. அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அக்கா சட்டென்று மேலே ஜன்னலைப் பார்த்தாள்.

மேலே இருந்த இரண்டு பேரும் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பார்த்தது அவள் ஒருத்திதான். "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. "அப்பா!" என்றாள் கொஞ்சம் உரக்க. நாலே நாலு வரிசை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எதைக் கேட்டாலும் "ம், பாப்போம்" என்பாரே, அதைக் கம்பீரம் என்று நினைத்திருந்தார்கள். வீட்டில் டிவியில் கீழே எழுத்து ஓடுகிற படமாகவே பார்ப்பாரே, அதை ரசனை என்று நினைத்திருந்தார்கள். காலையில் சங்கு ஊதுகிறதைச் சொன்னபோது எல்லோருக்கும் மேலே சிரித்தாரே! என்ன சொன்னாள் என்று தெரியாமல், மற்றவர்கள் வாயைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அக்காவுக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது.

டார்ச் கிடைத்ததும், அப்பா கையை இறக்கியிருந்ததைப் பார்த்து, அவருக்கு இது போதும் போல என்று சர்வீஸ்காரர் மிச்சத்தை விட்டுவிட்டார். மேலே விளக்கு அணைந்தது. பரீட்சை ஆரம்பித்துவிட்டது.

ஒரே காட்சியை இரண்டு தடவை போட்டார்கள். மழையில் ஒரு சந்தை, புருஷன் பெண்டாட்டி சண்டை, தூரத்தில் ரயில். முதலில் தம்பியின் பெட்டி. பிறகு அக்காவின் பெட்டி. விளக்கு வந்ததும் தம்பி தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். அப்பா அவன் வாயையே பார்த்தார்.

"எதுப்பா? எது?"

அப்பா கண்ணை மூடினார். தாடையைத் தடவினார். நன்றாக யோசிக்கிறவர் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டாவது."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. பாவம், அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அப்பா காது சொன்னா சரிதான்" என்றான். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

அக்கா தம்பியை ஒரு வார்த்தைகூட நக்கலடிக்காமல் வெளியே போனாள். தம்பிக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

*

வெளிக்கூடத்தில் போஸ்டர்களுக்குக் கீழே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பொட்டலம் பிரிக்கப்படாமல் அப்படியே மடியில் இருந்தது.

"யாரோட பெட்டி?"

"என்னோடது."

"ரெண்டாவதா ஓடுச்சா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா பெருமூச்சு விட்டாள். "கண்ணாடிக் கடையில, இது தெளிவா அது தெளிவான்னு மாத்தி மாத்திப் போட்டுக் கேப்பாங்க இல்ல? எப்பவும் ரெண்டாவதுதான் சொல்லுவார். முதல்லயே சொன்னா அவசரப்பட்டுச் சொன்ன மாதிரி இருக்குமாம். ரெண்டாவது சொன்னா யோசிச்சுச் சொன்ன மாதிரி இருக்குமாம். அப்படி வாங்கிட்டு வந்த கண்ணாடி இன்னும் அலமாரியில கிடக்கு. போட்டா தலை சுத்துது."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்ன, விழுந்தாள்.

"எப்ப இருந்தும்மா?"

"இன்டர்வெல் பெல் அடிச்சும் எழுந்திருக்காம உக்காந்திருந்தாரே ஒருநாள், அப்ப இருந்து. நான் பக்கத்துல உக்காந்து அவர் மணிக்கட்டுல விரலை வச்சுப்பேன். இடதுன்னா இடது பக்கம் இழுப்பேன். சத்தம் பத்தலைன்னா ரெண்டு தட்டு. அவர் உங்களுக்குக் கை காட்டுவார்."

"அந்தக் கிழிஞ்ச ஸ்பீக்கர்?"

"அது அவரே கேட்டது. அப்ப காது இருந்துச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இளக்காரம் அக்காவுக்கு எந்த வழியில் வந்தது என்று அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"சொன்னா அவரை வீட்ல உக்கார வச்சுடுவீங்க. கேக்காதவருக்குத் தியேட்டர் எதுக்கும்பீங்க. உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? அதை வச்சுக்கிட்டு என்னத்தைக் கேட்டுக் கிழிச்சீங்க? என்னைக் கற்பூரம் தெரியாத கழுதைன்னு சொன்னே. அவர் இருக்கட்டும்னு சொன்னார், அதுவாவது உன் காதுல விழுந்துச்சா?"

அக்கா மூடியிருந்த கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள்.

"சரி, நீ கேட்டது கிடைச்சுடுச்சு. வாயை மூடிக்கிட்டு சாவியை எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா. "அவர் மானம் போகக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

சாவி அக்காவின் உள்ளங்கையில் உறுத்தியது. எடுத்துக்கொண்டு போகலாம்தான். யாருக்கும் தெரியப் போவதில்லை. ரூம் அவளுடையது, விளம்பரம் கேன்டீனுக்குப் போவான். ஆனால் அது எப்படி வந்தது? இரண்டாவதாக ஓடியதால் வந்தது. அவளே அடம்பிடித்து வாங்கிய இரண்டாவது இடம். தம்பி அரை முள் கூட்டி வைத்ததற்கு அவனைக் கடைக்காரன் என்று திட்டினாளே, இது அதைவிடக் கேவலம். அவனாவது திருடினான், இவளுக்குத் தெருவில் கிடந்தது.

இப்படி ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு நாளைக்கு யாரை இளக்காரமாகப் பார்ப்பது? கண்ணாடியில் தன்னைத்தான் பார்க்க வேண்டும்.

"எழுந்திரும்மா" என்றாள்.

"எங்க?"

"உன் சீட்டுக்கு."

*

ஹாலுக்குள் அப்பாவும் தம்பியும் இருந்தார்கள். சர்வீஸ்காரர் மைக் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தார். அக்கா அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அப்பா, இப்பக் கேட்டது செல்லாது. என் பெட்டிக்குப் பின்னாடி ஒரு வயரை நான் சரியா மாட்டல. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மறுபடி கேக்கணும்."

சர்வீஸ்காரர் மடக்குவதை நிறுத்தினார். அத்தனை வயரையும் மாட்டியது அவர். அக்கா அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைத் தொடவேயில்லை. அவளைப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? மேல போங்க" என்றாள் அக்கா.

தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. விடுவானா? "அடேங்கப்பா! ஒரு வயரு மாட்டத் தெரியாதவங்களுக்கு ஆபரேட்டர் ரூம் சாவியா? தூக்கத்துல கண்டுபிடிப்பேன்னு சொன்னீங்களே மேடம், தூங்கிக்கிட்டே மாட்டினீங்களா?"

அக்காவின் நாக்கு நுனியில் பதில் ஒன்று தயாராக வந்து நின்றது. விழுங்கினாள். பழக்கமில்லாததால் தொண்டையில் சிக்கியது.

"அண்ணே, எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எங்க யாருக்கும் சொல்லாதீங்க. டேய், நீயும் இங்கயே உக்காரு. மேல போகக் கூடாது."

"அம்மா எதுக்கு?" என்றான் தம்பி.

"அம்மா உக்காருவாங்க. வேணும்னா கொறிக்கட்டும்."

அம்மா வந்து அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து கைப்பிடியின் மேல் விட்டாள். அதற்குக் கீழே அவள் விரல் அப்பாவின் மணிக்கட்டுக்குப் போனது. இத்தனை வருஷமாக எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. காலையிலிருந்து அவர் எவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருந்தார் என்று அக்காவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்து, சாவியை இருவருக்கும் நடுவே கைப்பிடியில் வைத்தாள். விளக்கு அணைந்தது.

மழை வந்தது. சந்தை வந்தது. பெண்டாட்டி, "நீ போ, திரும்பி வராதே" என்றாள். ரயில் தூரத்தில் கூவியது. முடிந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மழை, சந்தை, "நீ போ, திரும்பி வராதே", ரயில்.

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டாள். முதலாவதில் மழை நன்றாக இருந்தது. இரண்டாவதிலும் மழை நன்றாக இருந்தது. வசனம் இரண்டிலும் பளிச்சென்று நடுவிலிருந்து வந்தது. ரயில்? ரயிலும் அப்படித்தான். தன்னுடையது முதலாவது என்று தோன்றியது. ரயில் கூவியதும் இல்லை, இரண்டாவது என்று தோன்றியது. மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வைக்கச் சொன்னவள் அவள்தானே! வைத்துவிட்டார் மனிதர். தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பேன் என்ற பெட்டி எது என்று, முழித்துக்கொண்டு கேட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

விளக்கு வந்தது. தம்பியும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் போட்ட சண்டையெல்லாம் கண்ணாடித் திரைக்கும் கறுப்புத் தகரத்துக்கும்தானா என்று அவனைக் கேட்க முடியாது. அவளையும் கேட்க வேண்டியிருக்கும்.

சேலைத் தலைப்பு லேசாக அசைந்தது. அப்பா இந்தத் தடவை தாடையைத் தடவவில்லை.

"முதல்ல ஓடினது" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே."

தம்பி எட்டிப் பார்த்தான். அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள்.

அக்கா அப்பாவுக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கண் அவள் உதட்டுக்கு வந்து நிற்கும்வரை பொறுத்தாள்.

"தெரியலப்பா" என்றாள்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. தம்பி கிண்டல் செய்ய வாயெடுத்தவன், என்ன நினைத்தானோ, பேசாமல் பின்னால் சாய்ந்துகொண்டான். அப்பா சிரிக்கவில்லை. அவள் கையை இரண்டு தடவை தட்டினார்.

மேலே ஆபரேட்டர் ரூம் கதவு மூடும் சத்தம் கேட்டது. முதலில் ஓடியது யாருடைய பெட்டி என்று சொல்ல, சர்வீஸ்காரர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தம் அப்பாவுக்குக் கேட்கவில்லை. சேலைத் தலைப்புக்குக் கீழே அம்மாவின் விரல் நகர்ந்தது, அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். தம்பியும் திரும்பினான். அக்கா மட்டும் கைப்பிடியில் கிடந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.